இன்குபேட்டரை விட்டு வந்த பிறகு: குறைமாதக் குழந்தையின் மூளை வளர்ச்சி

(அபிராமபுரத்தில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் நம் மருத்துவ உதவிக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

 

மருத்துவ உதவி கேட்டு நம்மிடம் வரும் மனுக்களில் குறைமாதக் குழந்தைக்கான மனு பார்த்தவுடனே தெரிந்துவிடும். அவசரத்தில் எழுதியிருப்பார்கள். குழந்தையின் பெயர் இருக்காது. 'பேபி ஆஃப்' என்று போட்டுத் தாயின் பெயர் இருக்கும். எடை 1 கிலோ 100 கிராம், இத்தனை நாள் வென்டிலேட்டர், இத்தனை நாள் இன்குபேட்டர், பில் இவ்வளவு, இன்னும் கட்ட வேண்டியது இவ்வளவு. இப்படிப்பட்ட மனுவை நாம் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று வைப்பதில்லை. அல்ஹம்துலில்லாஹ், கொடுக்கிற கைகளும் தயங்குவதில்லை.

ஆனால் அதே குழந்தைக்கு ஆறு மாதம் கழித்து, மூளை வளர்ச்சிப் பரிசோதனைக்குப் போக வேண்டும், ஆட்டோவுக்குக் காசு இல்லை என்று கேட்டு யாரும் வருவதில்லை. வசதி வந்துவிட்டதால் அல்ல. அந்தப் பரிசோதனைக்குப் போவதையே நிறுத்திவிடுகிறார்கள். குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டது, பால் குடிக்கிறது, சிரிக்கிறது, இனி என்ன? இந்த 'இனி என்ன' என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

நாங்கள் மருத்துவர்கள் அல்ல. ஃபைல்களைப் பார்த்தும், புரியாததை மருத்துவர்களிடமும் பயிற்சியாளர்களிடமும் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறோம். உங்கள் குழந்தைக்கு என்ன என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

37 வாரம் முடிவதற்குள் பிறந்தால் குறைமாதம். 2020ஆம் ஆண்டில் உலகத்தில் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் சேர்ந்து எடுத்த கணக்கு. பிறப்பவர்களில் பத்தில் ஒன்று. அதில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நம் இந்தியாவில் பிறந்தவர்கள். ஆகவே இது எங்கோ யாருக்கோ வருகிற சோதனை அல்ல. இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிற பெரியவர்களிலேயே சிலர், 'எட்டு மாசத்துல பொறந்தவன், பஞ்சில சுத்தி வளத்தோம்' என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவர்களாக இருப்பீர்கள்.

அந்தக் காலத்தில் பிழைத்தால் போதும் என்றிருந்தது. இன்று 28 வாரத்தில் பிறந்த குழந்தையையும் பிழைக்கவைக்கிறார்கள். அதனால் கேள்வியும் மாறிவிட்டது. பிழைக்குமா என்ற கேள்வியோடு, எப்படி வளரும் என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது.

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் மூளைக்குள் நடப்பது கொஞ்சநஞ்சமல்ல. ஆறு மாதக் கருவின் மூளை மேலே கிட்டத்தட்ட மழமழவென்று இருக்கும். நிறைமாதத்தில் அக்ரூட் பருப்பு மாதிரி மடிப்பு மடிப்பாக ஆகிவிடும். 34 வாரத்தில், அதாவது ஆறே வாரம் முந்திப் பிறக்கிற குழந்தையின் மூளைகூட, நிறைமாதக் குழந்தையின் மூளை எடையில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும். தாயின் வயிற்றுக்குள் இருட்டில், சத்தமில்லாமல், வெதுவெதுப்பில் நடக்க வேண்டிய வேலை இன்குபேட்டருக்குள், விளக்கு வெளிச்சத்தில், மெஷின்களின் 'பீப்' சத்தத்துக்கு நடுவில் நடக்கிறது. மருத்துவர்கள் மூளையைக் கண்காணிப்பது இதற்காகத்தான்.

முதலில் தலை ஸ்கேன். நம்மில் பலர் இதைக் கேட்டதும் பயந்துவிடுகிறோம். பயப்பட ஒன்றுமில்லை. கர்ப்பத்தில் வயிற்றில் பார்த்த அதே ஒலி அலை ஸ்கேன்தான். குழந்தையின் உச்சிக்குழி இன்னும் மூடாமல் மெத்தென்று இருக்கிறதல்லவா, அதுதான் ஜன்னல். அதன் மேல் ஜெல் தடவி, கருவியை வைத்து உள்ளே பார்க்கிறார்கள். ஊசி இல்லை, மயக்கம் இல்லை, எக்ஸ்ரே கதிர் இல்லை. குழந்தையைப் படுக்கையிலிருந்து எடுக்கக்கூட வேண்டியதில்லை.

எதைத் தேடுகிறார்கள்? மூளைக்குள் நீர் நிறைந்த அறைகள் உண்டு. அவற்றின் ஓரத்தில் மிக மெல்லிய ரத்தக்குழாய்கள் நிறைந்த ஒரு படலம், நிறைமாதத்துக்கு முன்பே மறைந்துவிட வேண்டியது, குறைமாதக் குழந்தையிடம் இன்னும் இருக்கிறது. ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் அந்தக் குழாய்கள் உடைந்து கசியலாம். அப்படிக் கசிவது பெரும்பாலும் முதல் மூன்று நாட்களுக்குள். நர்ஸ்கள் அந்த நாட்களில் குழந்தையைத் தொட விடாமல், திருப்பாமல், பேச்சைக்கூடக் குறைத்து வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அவர்களைக் கடுகடுப்பானவர்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

கசிவை நான்கு படிகளாகச் சொல்வார்கள். படலத்தோடு நின்றால் ஒன்று. நீர் அறைக்குள் ரத்தம் இறங்கினால் இரண்டு. அறை வீங்கினால் மூன்று. மூளைச் சதைக்குள்ளும் பரவினால் நான்கு. இந்த வரிசை 1978இல் அமெரிக்காவில் பபைல் என்ற மருத்துவர் தம் குழுவினரோடு வகுத்தது. இன்றும் டிஸ்சார்ஜ் சம்மரியில் அதுதான் எழுதப்படுகிறது. ஒன்றும் இரண்டும் என்றால் பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே வளர்கிறார்கள். மூன்றும் நான்கும் என்றால் கை கால் இறுக்கம், கற்பதில் தாமதம் போன்ற ஆபத்து கூடுகிறது. சிலருக்குத் தலையில் நீர் கோத்துத் தலை வேகமாகப் பெருக்கலாம். அதனால்தான் வாராவாரம் டேப் வைத்துத் தலைச் சுற்றளவை அளக்கிறார்கள்.

இன்னொன்று ரத்தக் கசிவு இல்லாமலே வரும். நீர் அறைகளின் பக்கத்தில் நரம்பு இழைகள் ஓடும் வெள்ளைப் பகுதி ஆக்ஸிஜன் குறைவாலும் நோய்த்தொற்றாலும் பழுதாகலாம். இது முதல் வார ஸ்கேனில் தெரியாமல் போகும். நான்கு, ஆறு வாரம் கழித்துத்தான் தெரியும். முதல் ஸ்கேன் நார்மல் என்று சொன்ன மருத்துவமே மறுபடி ஸ்கேனுக்கு வரச் சொல்வது காசு பிடுங்க அல்ல. கால்களுக்குப் போகும் நரம்பு இழைகள் அந்த நீர் அறைக்கு மிக நெருக்கமாக ஓடுகின்றன. ஆகவே அங்கே பழுதானால் முதலில் இறுகுவது கால்கள்தான். அக்குளில் பிடித்துத் தூக்கினால் இரண்டு காலும் கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே போகிற குழந்தையை நீங்கள் பார்த்திருக்கலாம்.

ஸ்கேன் மூளையின் படத்தைக் காட்டும். மூளை வேலை செய்வதைக் காட்ட வேறு கருவி வேண்டும். லண்டனில் மேனார்டு, பிரையர் என்ற இருவரும் மற்றவர்களும் 1969இல் ஒரு கருவியைப் பற்றி எழுதினார்கள். உயிர் பிழைக்க வைக்கப்பட்ட பெரியவர்களின் மூளை மின்னோட்டத்தை விடாமல் கவனிக்கச் செய்தது அது. பிற்பாடு பச்சிளம் குழந்தைகளுக்கு அது பெரிய உதவியாகிவிட்டது. தலையில் இரண்டு மூன்று மின்முனைகளை ஒட்டினால் போதும்; பல மணி நேர மின்னோட்டத்தைச் சுருக்கி ஒரே பட்டையாகத் திரையில் காட்டும். வெளியே தெரியாத வலிப்பைக் காட்டிக்கொடுக்கும். குழந்தைக்குத் தூக்கம், விழிப்பு என்ற மாறுதல் வந்துவிட்டதா என்பதையும் அந்தப் பட்டையின் ஏற்ற இறக்கத்தில் பார்க்கலாம். மூளை முதிர்ந்துவருவதற்கு அது ஒரு நல்ல அடையாளம்.

மூன்றாவதாக, நெற்றியில் ஒட்டும் ஒரு பட்டை. மூளைக்கு எவ்வளவு ஆக்ஸிஜன் போகிறது என்று ஒளியை வைத்தே அளக்கும். 'அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் இது இருக்கிறதாம், இங்கே இல்லை; குழந்தையை மாற்றலாமா?' என்று எங்களிடம் கேட்டிருக்கிறார்கள். கேட்பவர்களின் பதற்றம் புரிகிறது. இதற்கு ஒரு பதில் இருக்கிறது. 17 நாடுகளில் 70 மருத்துவமனைகளில், 28 வாரத்துக்கு முன் பிறந்த 1,601 குழந்தைகளிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2023இல் வெளியானது. அந்தப் பட்டையை ஒட்டிச் சிகிச்சை தந்த குழந்தைகளிலும், வழக்கமான கவனிப்பில் இருந்த குழந்தைகளிலும், இறந்தவர்கள் அல்லது கடுமையான மூளைப் பாதிப்பு வந்தவர்களின் பங்கு ஏறக்குறைய ஒன்றுதான்: 100க்கு 35, 100க்கு 34. கருவி நல்ல கருவிதான். ஆனால் அது இல்லையே என்று கடன் வாங்கி, வென்டிலேட்டரில் இருக்கிற குழந்தையை ஆம்புலன்ஸில் ஏற்றி ஊரைச் சுற்ற வேண்டாம்.

நம் சென்னையிலேயே நடந்த ஒன்றையும் சொல்கிறோம். இது குறைமாதக் குழந்தைகளைப் பற்றியது அல்ல. நிறைமாதத்தில் பிறந்து, பிறந்தவுடன் மூச்சு வராமல் மூளை பாதித்த குழந்தைகளைப் பற்றியது. அப்படிப்பட்ட குழந்தையின் உடம்பை மூன்று நாள் குளிர்ச்சியாக வைத்திருந்தால் மூளை காப்பாற்றப்படும் என்று மேலை நாடுகளில் கண்டிருந்தார்கள். அதை இங்கே சோதிக்க 2015 முதல் 2019 வரை இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் ஏழு மருத்துவமனைகளில் 408 குழந்தைகளைச் சேர்த்தார்கள். அதில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும், எழும்பூர் தாய் சேய் மருத்துவமனையும் உண்டு. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் மருத்துவர் சுதின் தையில் தலைமை. 2021இல் வந்த முடிவு எல்லோரையும் திகைக்கவைத்தது. குளிரூட்டியதால் பலன் இல்லை. குளிரூட்டிய குழந்தைகளில் 100க்கு 42 பேர் இறந்தார்கள். குளிரூட்டாதவர்களில் 31 பேர். அங்கே பலித்தது இங்கே பலிக்கவில்லை.

இதில் எங்களுக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. அந்தக் குழந்தைகள் என்ன ஆனார்கள் என்பதை ஒன்றரை வயதில் பார்த்தார்கள். 100க்கு 97 குழந்தைகளின் நிலை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. யோசித்துப் பாருங்கள். அரசு மருத்துவமனைக்கு வருகிற ஏழைக் குடும்பங்கள். வாடகை வீடு மாறுவார்கள், போன் நம்பர் மாறும், பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்த பெண் ஊருக்குத் திரும்பியிருப்பாள். அப்படியும் அவ்வளவு பேரையும் தொடர்ந்து கண்டுபிடித்தார்கள் என்றால், 'நம்ம ஜனங்கள் திரும்பி வரமாட்டார்கள்' என்று சொல்வது வெறும் பேச்சு. யாராவது கூப்பிட்டால், வழிச் செலவைப் பற்றிக் கவலைப்பட்டால், வருவார்கள்.

ஸ்கேன் காகிதம் தீர்ப்பு அல்ல. நான்காம் படி என்று எழுதியிருந்த குழந்தைகளிலும் நடப்பவர்கள், படிப்பவர்கள் இருக்கிறார்கள். எல்லா ஸ்கேனும் நார்மல் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகளிலும் பின்னால் சிரமம் வந்தவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காகிதத்தால் யார் மேல் கூடுதலாகக் கண் வைக்க வேண்டும் என்று சொல்ல முடியும். கண் வைப்பது நம் வேலை.

எப்படிக் கண் வைப்பது? முதலில் வயதைச் சரியாகக் கணக்கிடுங்கள். 28 வாரத்தில் பிறந்த குழந்தை 12 வாரம் முந்தி வந்துவிட்டது. காலண்டர்படி ஆறு மாதம் ஆகும்போது அதன் வளர்ச்சிக்கு மூன்று மாதம்தான் ஆகியிருக்கும். இதைச் 'சரிசெய்த வயது' என்கிறார்கள். இரண்டு வயது வரை இப்படித்தான் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தை ஆறு மாதத்தில் கவிழ்ந்துவிட்டதே, நம்முடையது கவிழவில்லையே என்று அழுகிற தாய்மார்களுக்குப் பாதி அழுகை இந்தக் கணக்கிலேயே நின்றுவிடும். ஆனால் தடுப்பூசிக்கு இந்தக் கணக்கு இல்லை. அதற்குப் பிறந்த தேதிதான். இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய.

அடுத்து, நாற்பது நாள் விஷயம். இதை நாசூக்காகச் சொல்லிப் பயனில்லை. குறைமாதக் குழந்தையின் கண் விழித்திரையைப் பிறந்து 30 நாளுக்குள் கண் மருத்துவர் பார்த்தாக வேண்டும். 34 வாரத்துக்கு முன் பிறந்தாலும், 2 கிலோவுக்குக் குறைவாக இருந்தாலும் இது கட்டாயம். மிகச் சிறிய குழந்தைக்கு இன்னும் சீக்கிரம், இரண்டு மூன்று வாரத்திலேயே. விழித்திரையில் ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர்ந்தால் லேசர் வைத்தோ மருந்து வைத்தோ நிறுத்தலாம். விட்டால் பார்வை போகும், போனால் வராது. ஆனால் நம் வீடுகளில் நாற்பது நாள் முடியாமல் தாயும் பிள்ளையும் வாசல் தாண்டக் கூடாது என்று மாமியார் சொல்வார், நன்னிமா சொல்வார். நிஃபாஸ் என்பது தொழுகையும் நோன்பும் பற்றிய சட்டம். மருத்துவரிடம் போகக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை; சந்தேகம் இருந்தால் நம் இமாமைக் கேளுங்கள். பெரியவர்கள் பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த நாற்பது நாளுக்குள்தான் அந்த 30 நாளும் வருகிறது.

காதும் அப்படியே. இன்குபேட்டரில் இருந்த குழந்தைக்கு, மஞ்சள் காமாலை அதிகமாக வந்த குழந்தைக்கு, சாதாரணமாகக் காதில் வைத்துப் பார்க்கும் சின்ன சோதனை மட்டும் போதாது. காதிலிருந்து மூளை வரை சத்தம் போய்ச் சேருகிறதா என்று பார்க்கும் பெரா வகைச் சோதனை வேண்டும். காது கேட்காத குழந்தைக்குப் பேச்சு வராது. பேச்சு வராவிட்டால் அறிவு குறைவு என்று நாமே முத்திரை குத்திவிடுவோம்.

கை கால் அசைவைப் பார்ப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. அதற்குச் செல்போன் போதும். ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரில் பணிபுரிந்த பிரெக்டல் என்ற ஆய்வாளர், குழந்தை சும்மா மல்லாந்து படுத்திருக்கும்போது தானாகச் செய்கிற அசைவுகளையே வருஷக்கணக்கில் படம் எடுத்துக் கவனித்தார். சரிசெய்த வயது மூன்று மாதத்தை ஒட்டி, கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால் எல்லாவற்றிலும் இடைவிடாமல் சின்னச் சின்னதாக, நளினமாக ஒரு துறுதுறுப்பு வரும். அது இருந்தால் நல்ல அறிகுறி. அந்த வயதில் அது அறவே இல்லாவிட்டால், மூளை முடக்குவாதம் வரும் வாய்ப்பு மிக அதிகம். பயிற்சி பெற்றவர் அந்த வீடியோவைப் பார்த்துச் சொல்லிவிடுவார். முன்பெல்லாம் இந்த நோயை ஒன்றரை, இரண்டு வயதில்தான் உறுதி செய்தார்கள். இப்போது ஸ்கேனையும் நரம்புப் பரிசோதனையையும் இந்த வீடியோவோடு சேர்த்துப் பார்த்து, ஆறு மாதத்துக்கு முன்பேகூடச் சொல்ல முடிகிறது. மூளை அந்த வயதில்தான் வேகமாக வழி மாற்றிக் கற்றுக்கொள்ளும். பயிற்சியைச் சீக்கிரம் தொடங்குவதில்தான் எல்லாம் இருக்கிறது.

வீடியோ எடுப்பது எப்படி என்று கேட்டு வைத்திருக்கிறோம். குழந்தை விழித்திருக்க வேண்டும், பசியிலோ அழுகையிலோ இருக்கக் கூடாது. கை காலை மூடாத மெல்லிய சட்டை. வாயில் சூப்பான் வேண்டாம், கிலுகிலுப்பை வேண்டாம், நாமும் கொஞ்ச வேண்டாம். மேலே இருந்து முழு உடம்பும் தெரிய மூன்று முதல் ஐந்து நிமிடம். அதை ஃபேமிலி குரூப்பில் போடாதீர்கள். மருத்துவருக்குக் காட்டுங்கள்.

வீட்டில் உள்ளவர்கள் செய்யக்கூடிய சிகிச்சையும் ஒன்று இருக்கிறது. கங்காரு கவனிப்பு என்கிறார்கள். 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாமல், தாயின் மார்போடு குழந்தையை ஒட்டவைத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னதில் தொடங்கியது. ஏழை ஊரின் கைவைத்தியம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். டில்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும், நான்கு ஆப்பிரிக்க நாடுகளின் மருத்துவமனைகளும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2021இல் வந்தது. ஒரு கிலோவிலிருந்து 1 கிலோ 800 கிராமுக்குள் பிறந்த குழந்தைகளைப் பிறந்த உடனேயே இப்படி அணைத்து வைத்ததில், முதல் மாத மரணம் நான்கில் ஒரு பங்கு குறைந்தது. பொகோட்டாவில் ஆய்வில் சேர்க்கப்பட்ட குழந்தைகளை 20 வருடம் கழித்துத் தேடிப் பார்த்தபோது, கங்காரு முறையில் வளர்ந்தவர்களிடம் துடுக்குத்தனமும் முரட்டுத்தனமும் குறைவாக இருந்தன. பள்ளிக்கு மட்டம் போடுவதும் குறைவு. இதை அத்தாவும் செய்யலாம். சட்டைப் பொத்தானைக் கழற்றி, குழந்தையை நெஞ்சில் போட்டு உட்கார வேண்டியதுதான். வெட்கப்பட ஒன்றுமில்லை.

தாய்மார்களுக்கு ஒரு சொல். குறைமாதத்தில் ஏன் பிறந்தது என்பதற்குப் பல நேரங்களில் மருத்துவர்களாலேயே ஒரு காரணத்தைச் சுட்ட முடிவதில்லை. 'மாடிப்படி ஏறினாய்', 'பப்பாளி தின்றாய்' என்று சொல்கிற உறவினர்களிடம் அந்தப் பட்டியலைத் தங்களிடமே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கர்ப்பிணிகள் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். மாதம் நிறையாமல் வலி வந்தாலோ, நீர் உடைந்தாலோ, விடியட்டும் என்று இருக்காதீர்கள். பச்சிளம் குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு, குழந்தை வயிற்றில் இருக்கும்போதே போய்விடுங்கள். பிரசவத்துக்கு முன் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி குழந்தையின் நுரையீரலைப் பலப்படுத்துகிறது, மூளை ரத்தக் கசிவையும் குறைக்கிறது. மிகவும் முந்திய பிரசவமென்றால் மெக்னீசியம் சல்ஃபேட் கொடுப்பது மூளை முடக்குவாத ஆபத்தைக் குறைக்கிறது. இரண்டுமே விலை குறைந்த மருந்துகள். ஆனால் நேரத்துக்குப் போனால்தான் கிடைக்கும்.

எங்கே போவது? திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை நமக்குப் புதிதல்ல. 1885இல் மேரி ஷார்லீப் அம்மையார், ஆண் மருத்துவர்களிடம் காட்டத் தயங்கிய பர்தா பெண்களுக்காகவும் சேர்த்துத் தொடங்கியது. நம் நன்னிமார்களுக்கு இன்றும் அது 'கோஷா ஆஸ்பத்திரி'தான். எழும்பூரைச் சொல்லிவிட்டோம். 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய திட்டத்தில், பிறந்தது முதல் 18 வயது வரை வளர்ச்சித் தாமதத்தைக் கண்டறிவதும், மாவட்ட ஆரம்பகால மையங்களில் பயிற்சி தருவதும் இலவசம். எங்கே என்று உங்கள் மருத்துவமனையிலேயே கேளுங்கள். அடையாற்றைத் தாண்டினால் கோட்டூர்புரத்தில் வித்யா சாகர் இருக்கிறது. 1985இல் பூனம் நடராஜன் தொடங்கியது. மூளை முடக்குவாதக் குழந்தைகளோடு இத்தனை வருட அனுபவம் உள்ள இடம், நமக்கு இவ்வளவு பக்கத்தில்! ஈ.சி.ஆரில் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகள் நிறுவனமும் உண்டு.

இரண்டு வயதோடு முடிந்துவிடுவதும் இல்லை. ஓடுவான், பேசுவான், ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பில் கணக்கு ஏறாது, ஓரிடத்தில் உட்காரமாட்டான். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளிடம் இது அதிகம். டீச்சர் சோம்பேறி என்பார். மக்தபில் ஓதிக்கொடுக்கிற ஹஜ்ரத் குறும்பு என்பார். 'இவன் 29 வாரத்தில் பிறந்தவன்' என்று அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

இதையெல்லாம் எங்கள் குழுவில் பேசியபோது ஒரு யோசனை வந்தது. இனி குறைமாதக் குழந்தைக்கு உதவி ஒதுக்கும்போது, அதில் ஒரு பங்கை மருத்துவமனை பில்லுக்குக் கொடுக்காமல் தனியாக எடுத்து வைப்பது. இரண்டு வயது வரை ஒவ்வொரு பரிசோதனைக்கும் போகும்போது வழிச் செலவுக்கும் பயிற்சிக் கட்டணத்துக்கும் கொடுப்பது. சிலர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. 'உயிருக்குப் போராடும்போது முழுசாகக் கொடுக்காமல், பின்னால் தருகிறோம் என்று கையில் பிடித்து வைத்தால் அது என்ன உதவி?' என்று கேட்டார்கள். அது நியாயமான கேள்வி, இன்னும் முழுப் பதில் எங்களிடம் இல்லை. இப்போதைக்கு, பில்லுக்குக் கொடுப்பதில் கை வைக்காமல், இதற்கென்று தனி நிதி ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். சிறிய தொகைதான். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சகோதரி பொறுப்பு. தேதிக்கு இரண்டு நாள் முன் அவர் போன் செய்வார்.

பெண்கள் பகுதியிலிருந்து சீட்டுகள் வந்திருக்கின்றன. இரண்டுக்கு மட்டும் நேரம் இருக்கிறது.

ஒரு சகோதரி கேட்கிறார்: குழந்தை இன்னும் இன்குபேட்டரில் இருக்கிறது, ஏழாம் நாள் முடி இறக்கி அகீகா கொடுக்க முடியவில்லை, குற்றமாகுமா? இமாம் பக்கத்திலேயே இருக்கிறார். பிந்திக் கொடுக்கலாம் என்கிறார். முடி இறக்குவதை மருத்துவர் சொல்லும் வரை தள்ளிப் போடுங்கள், அந்தத் தோல் மிக மெல்லியது. பெயரை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். இன்றே வைத்து நர்ஸிடம் சொல்லுங்கள், கட்டிலில் எழுதி வைப்பார்கள். நாம் போய் நின்று அந்தப் பெயரைச் சொல்லி மெல்லிய குரலில் பேசலாம்.

இன்னொரு சீட்டு: 'எட்டு மாதக் குழந்தை, எல்லாவற்றையும் இடது கையாலேயே எடுக்கிறான். பிஸ்கட்டை வலது கையில் கொடுத்தாலும் இடதுக்கு மாற்றிக்கொள்கிறான். வலது கையால் சாப்பிட எப்படிப் பழக்குவது? ஏழாம் மாதத்தில் பிறந்தவன்.'

சகோதரி, இதைப் பழக்கக் குறையாகப் பார்க்காதீர்கள். ஒரு வயது ஆகும் வரை குழந்தைக்கு வலது, இடது என்ற பேதம் வரக்கூடாது. இரண்டு கையையும் ஒரே மாதிரி நீட்ட வேண்டும். ஒரே கையைத்தான் பயன்படுத்துகிறான் என்றால், மற்றக் கை பலவீனமாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் சந்தேகிப்பார்கள். அந்தக் கையை மூடியே வைத்திருக்கிறானா, தவழும்போது அந்தப் பக்கம் இழுபடுகிறதா என்று பாருங்கள். ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், அதை மருத்துவர் சொல்லட்டும். கூட்டம் முடிந்ததும் போய்விடாமல் நம் பெண்கள் குழுச் சகோதரியைப் பாருங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி வீட்டில் எங்கே இருக்கிறது என்று தேடி எடுத்து வையுங்கள், தலை ஸ்கேன் ரிப்போர்ட்டையும் சேர்த்து. திங்கட்கிழமை காலையில் ஆட்டோ வரும். எங்கள் சகோதரி ஒருவர் கூட வருவார்.